எந்தப் புதுப்பாளையம்? தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பழைய வடஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களில் முப்பது ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புல வரைபடம் என்று இவற்றோடுதான் என் காலம் போயிற்று. ஓய்வுக்குப் பிறகு நான் நினைத்தே பார்க்காத ஒரு வேலை என்னைத் தேடி வந்தது. அந்த வேலையில் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லவும், உங்களால் மட்டுமே செய்ய முடிந்த ஒன்றைக் கேட்கவும் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் ஒரு நாள், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அம்மா தம் மகளோடு என் வீட்டுக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர். தமிழில் பத்து இருபது சொற்கள் தெரியும். தாத்தா, ஆயா, சாமி, கூழ் இப்படி. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் வைத்திருந்தார். பிரிட்டிஷ் காலத்தில் அந்த நாட்டின் நேட்டால் பகுதிக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலிலிருந்து எடுத்த ஒரே ஒரு வரி. ஓர் எண். பெயர். அப்பா பெயர். வயது 22. சாதி. ஜில்லா வடஆர்க்காடு, தாலுகா போளூர். ஊர் என்ற கட்டத்தில் 'பூடபோலியம்' என்று வாசிக்கும்படி ஏதோ எழுதியிருந்தது. கடைசிக் கட்டத்தில், இடது முழங்காலில் தழும்பு. அந்தத் தழும்புக்காரர் அந்த அம்மாவுக்குக் கொள்ளுத்தாத்தாவின் அப்பா.

அவர்களுடைய குடும்பப் பெயர் கோவெண்டர். தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடம் மிகப் பரவலான பெயர் அது. நம் 'கவுண்டர்' என்ற சொல்தான் அங்கே போய் இப்படி ஆகியிருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்ட யாரோ ஒருவர், "கவுண்டர் என்றால் நீங்கள் கொங்கு நாட்டவர்கள்தான்" என்று சொல்லி, கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் ஊருக்கு அழைத்துப்போயிருக்கிறார். அங்கிருந்த நல்ல மனிதர்கள் வாழை இலை போட்டுச் சாப்பாடு வைத்து, கோயிலுக்குக் கூட்டிப்போய், சொந்தம் என்றே கொண்டாடியிருக்கிறார்கள். அம்மா அழுதுவிட்டாராம். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு வீடு வந்து சேர்ந்தோம் என்று. அப்புறம்தான் மகள் அந்தத் தாளை ஒழுங்காகப் படித்திருக்கிறார். வடஆர்க்காடு, போளூர். கொங்கு நாட்டுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! எங்கள் பக்கத்திலும் கவுண்டர்கள் உண்டு. ஆனால் அவர்கள் வேறு சமூகம். ஒரே பட்டம், வெவ்வேறு மக்கள்.

"அப்படியானால் அவர்கள் எங்கள் சொந்தம் இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. இல்லை என்று சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது.

இந்தத் தவறு அவர்களுடையது அல்ல. குடும்பப் பெயர் என்ற ஒன்றை வைத்து வேரைத் தேடலாம் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அது சரி. நமக்கு அப்படி ஒரு பெயர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லையே. அப்பா பெயரின் முதல் எழுத்து, தன் பெயர், தேவைப்பட்டால் ஊர்ப் பெயர், சிலர் ஒரு பட்டம். அவ்வளவுதான். யாருக்கு யார் சொந்தம் என்று தெரிந்துகொள்ள நம் ஊரில் பெயரையா கேட்கிறோம்? எந்த ஊர், எந்த வகையறா, குலதெய்வம் எது என்று கேட்கிறோம். பங்காளியா, மாமன் மச்சான் முறையா என்பது அந்த மூன்று கேள்விகளில் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட மக்களைக் கப்பலில் ஏற்றும்போது, எழுதுகிற குமாஸ்தாவின் நோட்டில் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது, அப்பா பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்நிய நாட்டில் இறங்கியபின், பிள்ளைகள் பிறந்து, பள்ளிக்கூடத்திலும் திருமணப் பதிவிலும் குடும்பப் பெயர் கேட்டபோது, கையில் கிடைத்ததைக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அப்பா பெயர், ஒருவருக்குத் தாத்தா பெயர், ஒருவருக்குப் பட்டம். அதையும் கேட்டவர் காதுக்குப் பட்டபடி எழுதினார்கள். முதலி என்பது மூட்லி ஆயிற்று. படையாட்சி படயாச்சி ஆயிற்று. முனுசாமி மூன்சாமி ஆனார். மொரீசியஸில் வீரப்பன் வீராப்பென் ஆனார். கரீபியன் கடலில் உள்ள குவாதலூப்பில் சிதம்பரம், சிதம்பரோம் ஆனார். அந்தப் பெயரைத் தாங்கிய ஹென்றி சிதம்பரோம் என்பவர்தான், அங்கே பிறந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்காடியவர். பெயர் எவ்வளவு உருமாறினாலும் சிதம்பரம் உள்ளே இருக்கிறது, பாருங்கள். ஆனால் அந்தச் சிதம்பரம் ஓர் ஊரா, ஓர் ஆளா என்பதைப் பெயர் நமக்குச் சொல்வதில்லை.

இதில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முனுசாமி என்ற பெயரில் நூறு பேர் கப்பலேறியிருந்தால், ஒருவருக்கொருவர் எந்தத் தொடர்பும் இல்லாத நூறு குடும்பங்கள் இன்று மூன்சாமி என்ற ஒரே பெயரோடு இருக்கும். அதே நேரம், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர் வேறு வேறு கப்பலில் போய், வேறு வேறு தோட்டத்தில் இறங்கி, ஒருவர் பட்டத்தையும் இன்னொருவர் அப்பா பெயரையும் கொடுத்திருந்தால், இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரே தெருவில் இருந்தாலும் சொந்தம் என்று தெரியாது. பெயர் ஒன்றானவர்கள் அந்நியர்களாகவும், பெயர் வேறானவர்கள் பங்காளிகளாகவும் இருக்கிறார்கள். பட்டம் இன்னும் சிக்கல். பிள்ளை, முதலியார், நாயக்கர், செட்டியார் என்று எதை எடுத்தாலும் பல சமூகங்கள் அதைப் போட்டுக்கொண்டன. கடலைத் தாண்டியபின், இங்கே தன்னை மிதித்த சாதியை உதறிவிட்டு வேறு பட்டம் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அதை நான் குற்றமாகவே நினைக்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட விடுதலை அது.

இது ஒப்பந்தக் கூலிகளின் கதை மட்டும் அல்ல. முத்துக்குளித்துறையில் 1530-களில் போர்ச்சுகீசியர் ஞானஸ்நானம் கொடுத்தபோது ஃபெர்னாண்டோ, ரோச், மிராண்டா, மச்சாடோ என்ற பெயர்கள் வந்தன. தூத்துக்குடியில் இரண்டு ஃபெர்னாண்டோக்கள் சந்தித்தால் சொந்தமா என்று பெயரை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, திருமணம், சொத்துரிமை போன்றவற்றில் தங்கள் சமூகத்துக்கு இருந்த பழைய தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள், குடும்பப் பெயர் ஒன்றைத் தாங்களே தேர்ந்து பதிந்துகொண்டார்கள். பிரெஞ்சு நீதிமன்றத்தில் காலணி அணிந்து வாதாடும் உரிமைக்காகப் போராடிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'லபோர்த்' என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். ஒரு நாளில், ஒரு மேசைக்கு முன்னால் பிறந்த பெயர் அது. ஆனால் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு நன்மை உண்டு. அவர்களுடைய பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள ஆவணக் காப்பகம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர் மாறிய அந்த நாளுக்கு முன்னால் குடும்பம் என்னவாக இருந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நம் கிராமங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணச் சட்டம் வந்ததே 1899-இல்தான். கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே பிறந்தவர்கள். சரி, நிலப் பதிவேடுகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. பைமாஷ் என்ற பழைய நில அளவைக் கணக்கு முதல், நில வரியை முடிவு செய்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேடு வரை ஒரு நூற்றாண்டுக்கு மேலான பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. ஆனால் அவை நிலம் வைத்திருந்தவர்களின் பெயர்கள். நிலம் இருந்தவன் எதற்குக் கப்பலேறுவான்? பண்ணையாளாக இருந்தவர், பஞ்சத்தில் காணியை விற்றவர், சேரியில் பிறந்ததால் ஒரு சென்ட் நிலத்துக்கும் வழியில்லாதவர் இவர்கள்தான் போனார்கள். இங்கே அவர்களைப் பற்றி ஒரு தாள் இல்லை. அவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதிய ஒரே தாள் அந்தக் கப்பல் பட்டியல். அவரை ஒரு பொருளைப் போல எண்ணி ஏற்றுவதற்காக எழுதிய தாள்தான். ஆனாலும் அவர் இன்னாருடைய மகன், இன்ன ஊர்க்காரர் என்று உலகில் வேறெங்கும் எழுதப்படவில்லை.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்ததில் தொடங்கி 1911 வரை, நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். தமிழர் மட்டும் அல்ல, விசாகப்பட்டினத்துத் தெலுங்கரும் மலபார்க்காரரும் அதில் உண்டு. 'மதராஸில் ஏறினார்' என்ற ஒரு வரியை வைத்துத் தமிழர் என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பேருக்கும் ஆள்வாரியாக எண் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் பத்திரமாக இருக்கின்றன. டர்பனில் உள்ள காந்தி–லுத்துலி ஆவண மையம் அவற்றைத் தேடிப் பார்க்கும்படி செய்திருக்கிறது. மொரீசியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் குடியேறியவர்களின் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. 1860-களிலிருந்து எடுத்த புகைப்படங்களும் அங்கே உண்டு. பிஜிக்குச் சென்னையிலிருந்து முதல் கப்பல் 1903-இல் போயிற்று. அவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்த குடியேற்றச் சீட்டும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கங்காணி என்ற ஆள்சேர்ப்பு மேஸ்திரி பிடித்துக்கொண்டுபோன இலங்கைக்கும் மலாயாவுக்கும் இவ்வளவு ஒழுங்கான ஆள்வாரிப் பட்டியல் கிடைப்பது அரிது. ஆனால் அங்கே போனவர்கள் ஊரோடு தொடர்பை முழுக்க விட்டுவிடவில்லை. அதனால் அவர்களை இந்த மடலில் நான் சேர்க்கவில்லை.

ஆக, கடலுக்கு அந்தப் பக்கம் வேலை நடந்திருக்கிறது. கயிற்றின் ஒரு முனையை அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த முனையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

அந்த அம்மாவின் தாளுக்கு வருகிறேன். பூடபோலியம் என்றால் புதுப்பாளையமாக இருக்க வேண்டும் என்று பார்த்ததுமே தோன்றிற்று. ஆனால் எந்தப் புதுப்பாளையம்? தமிழ்நாட்டில் புதுப்பாளையங்களும் புதூர்களும் நல்லூர்களும் எத்தனை! பழைய போளூர் தாலுகாவும் இன்றைய போளூர் வட்டமும் ஒன்றல்ல. அதிலிருந்து கலசபாக்கம் தனியாகப் பிரிந்துவிட்டது. வடஆர்க்காடு என்ற மாவட்டமே இன்று இல்லை. 1911-இல் சித்தூர்ப் பக்கம் பிரிந்து தனி மாவட்டமானது, இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. மிச்சம் இருந்தது 1989-இல் வேலூர், திருவண்ணாமலை என்று இரண்டானது. 2019-இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. டர்பனில் உட்கார்ந்துகொண்டு கணினியில் வடஆர்க்காடு என்று தட்டுகிற ஒரு பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? காஞ்சீவரம் என்றால் காஞ்சிபுரம், வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி, மாயவரம் என்றால் மயிலாடுதுறை என்று பெரிய ஊர்களைக் கண்டுபிடித்துவிடலாம். சின்ன ஊர்தான் சிக்கல். அதுவும் பட்டியலில் எழுதியிருப்பது வருவாய் கிராமத்தின் பெயரா, அதற்குள் அடங்கிய குக்கிராமத்தின் பெயரா என்பது, அந்தப் பகுதியில் வேலை பார்த்தவனுக்கே சில நேரம் குழப்பும்.

நானும் என்னோடு வேலை பார்த்த இரண்டு நண்பர்களும் உட்கார்ந்து, பொருந்தக்கூடிய நான்கு இடங்களை எழுதினோம். ஒன்று வருவாய் கிராமம், மூன்று குக்கிராமங்கள். பழைய பதிவேட்டைப் பார்க்கலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், அங்கே இருந்தவர்கள் எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் நாங்கள் கேட்ட பதிவேடுகள் கோணிப்பையில் இருந்தன. ஒன்றைத் திறந்ததும் பாதிப் பக்கங்கள் கறையான் அரித்து உதிர்ந்தன. 1980-இல் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது வீடுகளிலிருந்து கைமாறி வந்த கணக்குகள் அவை. அப்புறம் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் வந்து புதுப் பட்டா, புதுப் பதிவேடு என்று ஆனபின், பழையதை யார் தேடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம். விட்டவர்களில் நானும் ஒருவன். பணியில் இருந்த காலத்தில் அந்தக் கோணிப்பைகளைத் தாண்டித்தான் நானும் தினமும் நடந்தேன்.

கடைசியில் வழி காட்டியது தாள் அல்ல, சாமி. அவர்கள் வீட்டில் ஆடி மாதம் கெங்கம்மாவுக்குக் கூழ் ஊற்றுவார்களாம். அது எங்கள் பக்கத்துக் கங்கையம்மன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது வடமாவட்டங்கள் முழுக்க உள்ள வழக்கம். "வேறு சாமி உண்டா?" என்று கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்து, "எங்க ஆயா கல்யாணத்துக்கு முன்னாடி பச்சம்மா பேரைச் சொல்லிக் காசு முடிஞ்சு வைப்பாங்க" என்று மகள் மூலமாகச் சொன்னார். பச்சம்மா! பச்சையம்மன்! ஆரணிப் பக்கம் வாழைப்பந்தல் பச்சையம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். பட்டியலில் எந்தக் கட்டத்திலும் இல்லாத அந்தப் பெயரை, ஐந்து தலைமுறைப் பெண்கள் மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

நான்கில் இரண்டு இடங்களுக்குப் போனோம். இரண்டாவது ஊரில், தெருத் திண்ணையில் இருந்த ஒரு மூதாட்டி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த வகையறாம்மா நீங்க?" என்று கேட்டார். அந்த அம்மாவிடம் பதில் இல்லை. கப்பல் பட்டியலில் வகையறாவுக்குக் கட்டம் கிடையாது. ஊரில் கேட்டவர்களுக்கும், கடல் கடந்து போனவர் பற்றித் தெளிவாக எதுவும் நினைவில்லை. மறுநாள் அவர்களுக்கு விமானம். மீதி இரண்டு இடங்களை நான் இன்னும் முடிக்கவில்லை. ஒரு முழங்கால் வலிக்காரன், பேருந்தில் போய், டீக்கடையில் விசாரித்துக் கண்டுபிடிக்கிற விஷயமாக இது இருக்கக் கூடாது என்பதுதான் என் வருத்தம்.

மரபணுப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள் இப்போது. அது தென்னிந்தியா என்று காட்டும், அதே பரிசோதனை செய்த தூரத்து உறவினர்களைக் காட்டும். நம் கிராமத்தில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறார்கள்? ஊரை அது காட்டாது.

உங்களிடம் நான் கேட்பது, முதலாவதாக, ஓர் ஊர்ப்பெயர் அகராதி. கப்பல் பட்டியல்களில் ஊர் என்ற கட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் எடுத்து, அது இன்றைய எந்த வருவாய் கிராமம் அல்லது குக்கிராமமாக இருக்கக்கூடும் என்று, பழைய ஜில்லா, தாலுகாவோடு சேர்த்து எழுதி வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் பொருந்தினால் எல்லாவற்றையும் போடுங்கள். ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டாம். தவறான ஊரைக் காட்டுவதைவிட நான்கு ஊரைக் காட்டுவது நல்லது. இதற்கு வேண்டிய பட்டியல்கள் வெளிநாட்டுக் காப்பகங்களில் இருக்கின்றன, அவர்களோடு பேச அரசால் முடியும். கிராம எண்களும் பிரிவினை விவரங்களும் வருவாய்த் துறையில் இருக்கின்றன. உள்ளூர் உச்சரிப்பும் குக்கிராமப் பெயர்களும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற நில அளவர்கள், கிராம அலுவலர்கள், பழைய கர்ணம் வீட்டுப் பெரியவர்கள் தலையில் இருக்கின்றன. இவற்றில் மூன்றாவது மட்டும் காத்திருக்காது. எங்களுக்கு வயதாகிறது.

எழும்பூர்க் காப்பகத்தில் இருக்கும் சென்னை மாகாணக் குடியேற்றக் கோப்புகளுக்குப் பெயர்வாரியாகவும் ஊர்வாரியாகவும் ஓர் அட்டவணை போட்டு வெளியிட வேண்டும் என்பதும் என் ஆசை. கடிதப் போக்குவரத்துக்குள்ளே, காணாமல் போன மகனைத் தேடிக் கொடுத்த மனுவோ, ஊருக்கு அனுப்பிய பணம் வந்து சேராத புகாரோ இருந்தால், அதில் ஓர் ஊரும் இரண்டு உறவுப் பெயர்களும் கிடைக்கும். தேடி அலைகிற குடும்பத்துக்கு அது பெரிய பிடி. மாவட்டங்களில் மிஞ்சியிருக்கும் பழைய செட்டில்மென்ட் பதிவேடுகளையும் கறையான் முந்திக்கொள்ளும் முன் படமெடுத்துவிடுங்கள். கப்பலேறியவர் பெயர் அதில் இல்லாவிட்டாலும், அந்த ஊர் அன்று என்ன பெயரில் இருந்தது, எந்தெந்தக் குக்கிராமம் அதில் அடங்கியிருந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

அயலகத் தமிழர் நலத் துறை நடத்தும் 'வேர்களைத் தேடி' பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கா, மொரீசியஸ், பிஜி, ரீயூனியன், குவாதலூப், மார்டினிக் என்று பல நாட்டிலிருந்து இளைஞர்களை அழைத்து வந்து கோயில்களையும் சிற்பங்களையும் நம் கலைகளையும் காட்டுகிறீர்கள். மனம் நிறைந்து பாராட்டுகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் எல்லாத் தமிழருக்கும் வேர்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் முன்னோர், கப்பலேறும்வரை அந்தக் கோயில் வாசலைக்கூட மிதிக்க விடப்படாதவராக இருந்திருக்கலாம். அவருடைய வேர் ஒரு குக்கிராமத்தில், ஒரு வேப்பமரத்தடிச் சாமியிடம் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்திலேயே முன்னோரின் கப்பல் எண், ஊர், வீட்டில் கும்பிடும் சாமி, பாட்டி சொன்ன சொற்கள் என்று கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால் அது எங்களைப் போன்றவர்கள் கைக்கு வந்தால், சிலருக்காவது ஊரைக் கண்டுபிடித்து வைத்திருப்போம். பயணத்தில் ஒரே ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள், போதும்.

ஆவணம் தேவைப்படும் நடைமுறைக் காரணமும் கூடியிருக்கிறது. மொரீசியஸில் உள்ள இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறை வரை ஓ.சி.ஐ. என்ற வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை பெறலாம் என்று 2024 மார்ச்சில் இந்திய அரசு அறிவித்தது. ஏழு தலைமுறையைத் தாளில் காட்ட வேண்டிய மக்களுக்கு, இந்தப் பக்கத்திலிருந்தும் நாம் உதவலாம்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும். கப்பல் பட்டியலில் சாதி என்ற கட்டம் இருக்கிறது. அதை அழிக்கக் கூடாது, ஆவணம் ஆவணமாக இருக்கட்டும். ஆனால் தேடுவதற்கான வாசலாக அதை வைக்காதீர்கள். பெயர், அப்பா பெயர், ஊர், கப்பல், ஆண்டு இவற்றால் தேட விடுங்கள். தன் குடும்பத்தின் வரியைத் தானே திறந்து பார்க்கிறவர், விரும்பினால் அந்தக் கட்டத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். சாதிச் சங்கங்கள் பட்டத்தை வைத்து ஆள் சேர்க்கிற இடமாக இது ஆகிவிடக் கூடாது. கோவெண்டர் அம்மாவுக்கு நடந்தது அன்பினால் நடந்தது. எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

பெண்களை மறந்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்று கப்பல்களுக்கு விதி இருந்தது. கணவரோடு போனவர்களும் உண்டு, தனியாகவும் கைக்குழந்தையோடும் போனவர்களும் உண்டு. விதவைகள், வாழாவெட்டி என்று ஊர் பேசியவர்கள், பஞ்சத்தில் எல்லாரையும் பறிகொடுத்தவர்கள். அவர்களுக்கும் தனி எண், தனி ஊர், தனி அப்பா பெயர் இருக்கிறது. குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் இந்தப் பெண்கள் தென்படவே மாட்டார்கள், ஏனென்றால் அந்தப் பெயர் ஆண் வழியில் வந்தது. அந்த அம்மாவிடம்கூட, "கொள்ளுத்தாத்தாவின் அம்மா எந்தக் கப்பல்?" என்று கேட்டேன். அதை இதுவரை யாரும் தேடவில்லை என்றார்.

நம் ஊர்களின் பக்கத்தையும் யோசிக்க வேண்டும். இங்கே இருப்பவர்களுக்கும் யாரோ ஒருவர் காணாமல்தானே போனார்? ஊர்வாரியாக அந்தப் பெயர்களை எடுத்து, ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு பலகையில் ஒட்டுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு முறை உரக்க வாசியுங்கள். பெயர், அப்பா பெயர், வயது, போன ஆண்டு; இவ்வளவு போதும், சாதி வேண்டாம். காந்தியடிகள் பிறந்த நாளில் அதைச் செய்வதும் பொருத்தம்தான். தென்னாப்பிரிக்காவில் அவரோடு சிறைக்குப் போனவர்களில் பலர் இந்தக் கூலித் தமிழர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். 1914-இல் பதினாறு வயதில் உயிர்விட்ட வள்ளியம்மை பிறந்ததும் இறந்ததும் அந்த நாட்டில். ஆனாலும் நாம் அவரைக் குடும்பப் பெயரால் அல்ல, தில்லையாடி வள்ளியம்மை என்று குடும்பத்தின் ஊரால் அழைக்கிறோம். 1915-இல் இந்தியா திரும்பிய காந்தி அந்தத் தில்லையாடிக்கு வந்துபோனார். அந்த ஊர் எது என்று தெரிந்ததால் அல்லவா அவர் வர முடிந்தது?

பெயர்களை வாசிக்கும்போது, கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர், "எங்க தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் மேலண்டைத் தெருவில இருந்து போனாராம், திரும்பவே இல்லையாம்" என்று சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்கியத்தை எழுதி வைக்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

என் பங்குக்கு, பழைய போளூர், ஆரணி, வந்தவாசி தாலுகாக்களில் எனக்கும் என் நண்பர்களுக்கும் தெரிந்த குக்கிராமப் பெயர்களை, ஊர்க்காரர்கள் சொல்லும் உச்சரிப்போடும் தாய்க் கிராமத்தின் எண்ணோடும் மூன்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறோம். வழக்கொழிந்த பெயர்களும், மழையில்லாமல் ஊரே காலியாகி இன்று பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும் இடங்களும் அதில் உண்டு. நீங்கள் சொல்லும் அலுவலகத்துக்கு அவற்றை நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து வேலை செய்யவும் நாங்கள் மூவரும் தயார். சம்பளம் வேண்டாம்.

டர்பன் அம்மா வருகிற தை மாதம் மறுபடி வருவதாக எழுதியிருக்கிறார். இந்த முறை கொள்ளுத்தாத்தாவின் அம்மாவுடைய கப்பல் எண்ணையும் கண்டுபிடித்துவிட்டாராம். ஊர் என்ற கட்டத்தில் இருப்பதைத் தன்னால் வாசிக்க முடியவில்லை என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நான் வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் எழுத்து 'க' போல இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
திருவண்ணாமலை மாவட்டம்